ஏழாவது மாதத்தில் எங்களை விசாரிப்பது யார்?

வெளிநாட்டு இளைஞர்களைப் பணிக்கு வரவழைக்கும் நிறுவனங்களின் மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒரு பணி ஒப்பந்தத்தை மட்டும் நம்பி, அறிந்தவர் ஒருவரும் இல்லாத நகரத்துக்கு 25 வயதில் வந்து, இப்போது நான்காம் ஆண்டாக வேலை செய்துகொண்டிருப்பவள் நான். என்னை வரவழைத்த நிறுவனம் விமான நிலையத்துக்கு வண்டி அனுப்பியது. இரண்டு வாரத் தங்கலுக்கு விடுதி ஏற்பாடு செய்தது. முதல் நாள் காலையில் என் பெயர் எழுதிய அட்டையை மேசைமேல் வைத்திருந்தது. அந்த வரவேற்பை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அந்த உதவி முழுவதும் முதல் 15 நாட்களிலேயே தீர்ந்துபோனது. எனக்குத் துணை மெய்யாகவே தேவைப்பட்ட காலமோ பல மாதங்கள் கழித்துத்தான் வந்தது. அதை உங்களிடம் எடுத்துச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

காகிதங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வங்கிக் கணக்கு தொடங்க முகவரிச் சான்று கேட்கிறார்கள். முகவரி வேண்டுமென்றால் வீடு வேண்டும். வீட்டு உரிமையாளரோ கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளைக் கேட்கிறார். சம்பளம் வந்து சேரவோ வங்கிக் கணக்கு வேண்டும். வங்கி ஊழியர்மீது எனக்கு வருத்தமில்லை. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க 1989-இல் ஜி7 எனப்படும் ஏழு வளர்ந்த நாடுகள் தொடங்கிய நிதி நடவடிக்கைப் பணிக்குழு வகுத்த நெறிகளை ஒட்டி, வாடிக்கையாளர் யாரென்று உறுதிசெய்வது பெரும்பாலான நாடுகளில் வங்கிகளின் சட்டக் கடமையாகிவிட்டது. முன்பின் தெரியாதவருக்கு வீட்டைக் கொடுக்கும் உரிமையாளரின் தயக்கமும் எனக்குப் புரிகிறது. இந்தச் சுழலிலிருந்து எங்களை எளிதாக வெளியே எடுக்கக்கூடியவர் வேலை கொடுத்தவர்தான். இன்னார் எங்கள் ஊழியர், அவருடைய மாதச் சம்பளம் இவ்வளவு, இப்போது இந்த முகவரியில் தங்கியிருக்கிறார் என்று நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால், பல இடங்களில் அதுவே போதும். நான் அப்படியொரு கடிதம் கேட்டபோது அதற்கான படிவம் எங்களிடம் இல்லை என்ற பதில்தான் வந்தது. ஒன்பது நாட்கள் கழித்துக் கடிதம் கிடைத்தது. அதற்குள் பார்த்துவைத்த வீடு வேறொருவருக்குப் போய்விட்டது.

இருந்தாலும், காகிதத் தொல்லைகள் ஓரிரு மாதங்களில் அடங்கிவிடும். அதற்குப் பிந்தைய காலத்தைத்தான் நீங்கள் கவனிப்பதில்லை என்பது என் குறை.

நார்வே நாட்டுச் சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றுவந்த தம் நாட்டவர் 200 பேருக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 1955-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 6 மாதங்களுக்கும் குறைவாகத் தங்கியவர்களும் 18 மாதங்களுக்கு மேல் தங்கியவர்களும் அங்கே நன்றாகப் பொருந்தியிருந்தார்கள் என்றும், இடைப்பட்ட காலம் தங்கியவர்களே அதிகம் தடுமாறினார்கள் என்றும் அவர் கண்டார். புதிய நாட்டின் பழக்கவழக்கங்களுக்கிடையே ஏற்படும் தடுமாற்றமான பண்பாட்டு அதிர்ச்சியைப் பற்றி 1960-இல் எழுதிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க்கும், முதலில் வருவது புதுமையின் மகிழ்ச்சி, நெருக்கடி அதற்குப் பின்னரே வருகிறது என்றுதான் படிநிலைகளை வரிசைப்படுத்தினார். முதலில் மகிழ்ச்சி, நடுவில் சரிவு, பிறகு மீட்சி என்ற இந்த வளைகோடு எல்லோருக்கும் பொருந்தாது என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இறங்கிய முதல் வாரமே மிகக் கடினமாக அமைந்தவர்களும் உண்டு. என் வரையில் லிஸ்கார்ட் கண்டதே நடந்தது.

முதல் மாதங்களில் வழி தவறிப்போவதுகூட வீட்டாரிடம் சொல்வதற்கு ஒரு கதையாக இருந்தது. ஏழாவது மாதத்தில் சொல்வதற்குக் கதை தீர்ந்துவிட்டது. நான் வேலை முடித்துத் திரும்பும்போது வீட்டார் உறங்கியிருப்பார்கள். அவர்கள் ஓய்வாக இருக்கும் நேரத்தில் நான் கூட்டத்தில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் இரு தரப்பும் நலம் என்று மட்டுமே சொல்லிக்கொள்ளும் நிலை வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் அன்பாகவே இருந்தார்கள், ஆனால் ஐந்து மணிக்கு அவரவர் குடும்பத்துக்கும் பள்ளிக்கால நண்பர்களுக்கும் திரும்பினார்கள். அந்த மாதம்தான் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. மருத்துவமனைப் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு இந்த நகரத்தில் வசிக்கும் ஒருவரின் பெயரைக் கேட்டார்கள். பக்கத்து மேசைக்காரரின் பெயரை எழுதினேன். அவருடைய குடும்பப் பெயரை அலுவலகப் பட்டியலில் தேடி எடுத்துத்தான் எழுத வேண்டியிருந்தது. அவருக்கு அதைப் பற்றிச் சொல்லவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்குச் சற்று முன்னர்தான் தகுதிகாண் பருவம் முடிந்து என் மதிப்பீடு எழுதப்பட்டிருந்தது. கூட்டங்களில் தாமாக முன்வந்து பேசுவதில்லை என்பது அதில் இருந்த ஒரே குறை. அது பொய்யன்று. பிறமொழியில் நடக்கும் விவாதத்தில், கேட்டதைப் புரிந்துகொண்டு, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒரு வாக்கியமாகக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு பொருளுக்குப் போய்விடுகிறது. கருத்து இல்லாமையும் வேகம் இல்லாமையும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும். கூட்டத்தின் பொருளை ஒரு நாள் முன்னதாக எழுத்தில் அனுப்பும் மேலாளர் ஒருவர் பின்னர் எனக்கு வாய்த்தார். வேறெந்தப் பயிற்சியும் இல்லாமல் நான் பேசத் தொடங்கினேன்.

இவற்றையெல்லாம் அப்போதே ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எங்களில் பெரும்பாலோருக்கு வேலை மட்டுமின்றி அந்நாட்டில் இருக்கும் உரிமையும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் வெளிநாட்டு வல்லுநர்களுக்கான எச்-1பி பணி விசாவில் இருப்பவர் வேலை இழந்தால் அதிகபட்சமாக 60 நாட்களுக்குள் வேறு வழி தேட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளிநாட்டு வல்லுநர்களுக்கான பணி, வசிப்பு அனுமதியான நீல அட்டை பெற்றவருக்கு 2021-ஆம் ஆண்டு நெறிமுறை, முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வேலை போனால் மூன்று மாதமும், அதற்குப் பிறகு ஆறு மாதமும் தருகிறது. இந்தக் கணக்கைத் தினமும் மனத்தில் வைத்திருக்கும் ஒருவர், தூக்கம் வரவில்லை என்றோ வேலைப்பளு தாங்கவில்லை என்றோ தம் விசாப் புதுப்பிப்புக்குக் கையொப்பமிட வேண்டியவரிடம் போய்ச் சொல்ல மாட்டார். ஆண்டுக்கொரு முறை நீங்கள் அனுப்பும் கருத்துக்கணிப்பில் எல்லாம் நலம் என்றே நிரப்புவார். நானும் அப்படித்தான் மூன்று முறை நிரப்பினேன். அந்தப் பதில்களை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாதுகாப்புக்காக என்று சொல்லி ஊழியரின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனங்களும் இம்மடலைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன்: புலம்பெயர் தொழிலாளர் உரிமைகள் குறித்த 1990-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 21-ஆம் பிரிவு, சட்டப்படி அதிகாரம் பெற்ற அரசு அலுவலர் தவிர வேறு யாரும் அடையாள ஆவணங்களைப் பறிப்பது சட்டவிரோதம் என்கிறது.

துக்க விடுப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. என்னை வளர்த்த பாட்டி இறந்த செய்தி அதிகாலையில் வந்தது. எங்கள் விதிப்படி மூன்று நாள் விடுப்பு உண்டு. போவதற்கு ஒரு நாள், திரும்புவதற்கு ஒரு நாள். நடுவில் ஒரு நாள். கூடுதல் நாட்களுக்கு இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும், அவர்களில் ஒருவர் பயணத்தில் இருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த விதியை எழுதியவர் கல்நெஞ்சர் அல்லர் என்று நம்புகிறேன். வீடு ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பவர்களை நினைத்து அதை எழுதியிருக்கிறார். பயண நாட்களை விடுப்புக் கணக்கில் சேர்க்காமல் விட ஒரு வரித் திருத்தம் போதும்.

நான் கேட்பவற்றுக்குப் பெரும் செலவு ஆகாது. சான்றுக் கடிதத்தை ஊழியர் கேட்கும் முன்பே, வந்திறங்கும் நாளில் கொடுங்கள். முதல் சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகத் தாருங்கள். விசாப் புதுப்பிப்பைக் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். அந்தக் காத்திருப்பில் ஊருக்குப் போக முடியாமல் தவிப்பவர்கள் பலர். எல்லாவற்றுக்கும் மேலாக, மதிப்பீட்டிலும் புதுப்பிப்பிலும் எந்தப் பங்கும் இல்லாத ஒருவரை, முடிந்தால் வேறு நாட்டிலிருந்து வந்து சில ஆண்டுகள் கழித்தவரையே, ஒவ்வொரு புதியவருக்கும் துணையாக நியமியுங்கள். அவர்கள் சந்திப்பு முதல் வாரத்தோடு முடியாமல், ஆறாம் மாதத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் ஓராண்டு முடிவிலும் நடக்கட்டும். அங்கே பேசியது எந்தக் கோப்பிலும் ஏற வேண்டாம்.

என் அலுவலகத்தில் அந்தப் பொறுப்பை ஏற்கத் தயார் என்று சென்ற வாரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் இருவர் வருகிறார்கள். அவர்களுடைய ஏழாவது மாதத்தில் ஒரு மாலையை நாட்காட்டியில் இப்போதே குறித்து வைத்திருக்கிறேன். அலுவலக நேரத்தில் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க உங்கள் அனுமதியை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் ஆண்டில் இருக்கும் ஓர் ஊழியர்