அம்மாவின் இடது கை

பவானி

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா வீட்டுக்கு வந்து இன்றோடு பதினொரு நாள். நீ போனில் கேட்கும்போதெல்லாம் "பரவாயில்லை கண்ணு" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். மேலே பேசினால் தொண்டை அடைக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று ஐந்து பக்கக் காகிதமும் பை நிறைய மாத்திரையும் கொடுத்தார்கள். எந்த மாத்திரை எத்தனை வேளை என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. பக்கவாதம் வந்தவளை எப்படிப் புரட்டுவது, எப்படிச் சோறூட்டுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. முதல் இரவே, உட்கார வைப்பதாக நினைத்து, செயலிழந்த இடது கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவள் அலறியது இன்னும் காதில் நிற்கிறது. படுத்த வாக்கிலேயே கஞ்சி ஊட்டி, புரையேறி அவள் மூச்சுத் திணறியதும் அன்றுதான்.

மறுநாள் விடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார் என்று அங்கேதான் தெரிந்தது. இரண்டு நாளில் ஒரு பெண் வந்தார். உன் வயதுதான் இருக்கும். அவசரமே படாமல், என் கையைப் பிடித்துப் பழக்கினார். கையை இழுக்கவே கூடாது. தோள்பட்டைக்குப் பின்னால் கை கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். உட்கார்ந்ததும் அந்தக் கைக்கு அடியில் தலையணை. நிமிர்ந்து உட்கார்ந்த பிறகே சாப்பாடு, சின்னக் கரண்டியால். விழுங்கியதைப் பார்த்துத்தான் அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அப்படியும் புரையேறினால் டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டும்போது குதிகாலையும் இடுப்பையும் பார்க்கச் சொன்னார். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்குகிறதாம். அங்கே தேய்க்கவே கூடாதாம். நான் நல்லதென்று நினைத்து மூன்று நாளாக எண்ணெய் போட்டுத் தேய்த்திருந்தேன் செல்வி. முதல் நாளே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இரவில் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அலாரம் வைத்திருக்கிறேன். நேற்று இரண்டு மணிக்குப் புரட்டியபோது வலது கையால் என் கன்னத்தைத் தடவி ஏதோ சொன்னாள். பேச்சு குழறுகிறது, ஆனாலும் "நீங்கள் தூங்குங்கள்" என்றது எனக்கு விளங்கியது.

லீவு கிடைத்ததும் வா. முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு வாங்கி வா. போடும்போது இடது கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். வந்ததும் காட்டித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா