லிஸ்ஸி அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள எலிசபெத் மெல்வில் அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கணவர், 'மோபி டிக்' எழுதிய அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில்லைப் பற்றிப் பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

1848 மே மாதம் உங்கள் சிற்றன்னைக்கு எழுதிய கடிதத்தில் ஒரு மன்னிப்புக் கேட்கிறீர்கள். நிறுத்தக்குறிகள் இல்லாவிட்டால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்; படியெடுக்கும்போது நான் போடுவதில்லை, கடைசியில் ஹெர்மன் பார்த்துப் போட்டுக்கொள்வார்; அதுவே பழகிவிட்டது என்கிறீர்கள். கல்யாணமாகி ஒன்பது மாதம்தான்! மாசச்சூசெட்ஸ் தலைமை நீதிபதியின் மகள், கணவர் எழுதிய 'மார்டி' நாவலைப் படியெடுத்துப் படியெடுத்துத் தன் கடிதத்திலேயே முற்றுப்புள்ளியை மறக்கிறாள். முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

முதல் புத்தகம் 'டைப்பி' தந்த புகழும், 'மோபி டிக்'கை எழுத்தாளர் ஹாத்தார்னுக்குக் காணிக்கையாக்கிய நட்பும் பக்கம் பக்கமாக எழுதப்பட்டாயிற்று. பிட்ஸ்ஃபீல்ட் பண்ணை வாங்க உங்கள் அப்பா பணம் கொடுத்தது அதில் ஒரு வரியில் போய்விடும். அடுத்த நாவல் 'பியர்' வந்தபோது ஒரு பத்திரிகை உங்கள் கணவருக்குப் பைத்தியம் என்றே தலைப்புப் போட்டது. அந்த வீட்டில் அன்று காலை எப்படி விடிந்திருக்கும்?

1866 கடைசியில் அவர் நியூயார்க் துறைமுகத்தில் சுங்கச் சோதகரானார். நாளுக்கு 4 டாலர். 19 வருஷம்.

1867-இல் உங்கள் சகோதரர்களும் பாதிரியாரும் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள். நீங்கள் சும்மா ஊருக்கு வந்ததுபோல பாஸ்டனுக்கு வர வேண்டும். அவர்கள் திரும்பிப் போக விடாமல் வைத்துக்கொள்வார்கள். ஹெர்மனுக்குப் புத்தி சரியில்லை என்று உங்கள் வீட்டார் நம்பினார்கள். பாதிரியாருக்கு நன்றி சொல்லி எழுதினீர்கள், ஆனால் போகவில்லை. அந்த செப்டம்பரில் உங்கள் மூத்த மகன், 18 வயது மால்கம், தன் அறையில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தான். அதன் பிறகும் போகவில்லை. இதைப் பொறுமை என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பெண் போவதற்கு எத்தனை வழி இருந்தது?

ஆனால் நீங்கள் வாயில்லாப் பூச்சியும் இல்லை. 1876-இல் 'கிளாரல்' அச்சாகும்போது, கிட்டத்தட்ட 18,000 வரிகள் கொண்ட அந்தக் கவிதையை நெஞ்சில் ஏறி அமுக்கும் பேய் என்று உறவுக்காரப் பெண்ணுக்கு எழுதினீர்கள். அது உங்கள் சந்தோஷத்தையே அரித்துவிட்டதாம். உங்கள் எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

1891-இல் அவர் போனபோது அவருடைய கடைசிக் கதை 'பில்லி பட்' முடிந்திருக்கவில்லை. அந்தத் தாள்களை நீங்கள் அடுக்கிப் பார்த்தீர்கள், பென்சிலால் குறிப்பெழுதினீர்கள், பத்திரமாக வைத்தீர்கள். 1906-இல் நீங்களும் போய்விட்டீர்கள். தகரப் பெட்டியில் கிடந்த கதை 1924-இல்தான் அச்சேறியது. பதிப்பாசிரியர்கள் உங்கள் கையெழுத்து சிலவற்றை அவருடையது என்றே நினைத்துவிட்டார்கள். 1962-இல் ஆய்வாளர்கள் இருவர் தாள் தாளாகப் பார்த்து, எது உங்களுடையது என்று பிரித்தெடுத்தார்கள்.

நிறுத்தக்குறியை அவருக்கென்று விட்டுவைத்த அதே கைதான், அம்மா.

அன்புடன்,
ஒரு வாசகி