சுருவத்தடிக்குச் சுருவம் திரும்ப வேண்டும்

வீதி அகலிப்பு வேலைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருகோணமலை நிலாவெளி வீதியோரம் எங்கள் ஊர் முகப்பில் நின்ற, வீதி வேலைக்காக நீங்கள் அகற்றிய அந்தோனியார் சுருவக்கூட்டை, அதாவது புனிதரின் சிலை நின்ற சிறு கூட்டைப் பற்றி எழுதுகிறேன். கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. மூன்று மாதத்தில் திரும்பக் கட்டித் தருவதாக ஊர்க் கூட்டத்தில் வாக்குக் கொடுத்தீர்கள். பதினான்கு மாதங்கள் போய்விட்டன. வடிகால் முடிந்தது, தார் போட்டாயிற்று, வெள்ளைக் கோடும் கீறியாயிற்று. கூட்டை மட்டும் காணவில்லை. பஸ் நடத்துநர் இன்றும் "சுருவத்தடி இறக்கம்" என்றுதான் கூப்பிடுகிறார்.

சுருவம் என் வீட்டு விறாந்தையில், நெல் மூட்டைகளுக்கு நடுவே பழைய சேலை சுற்றி நிற்கிறது. அந்தோனியார் ஏந்தியிருக்கும் பாலன் இயேசுவின் வலக்கை 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது முறிந்தது. என் தகப்பனார் சேற்றைக் கிளறித் தேடியெடுத்து, சீமெந்து குழைத்து ஒட்டினார். நீங்கள் லொறியில் ஏற்றி இறக்கியதில் அதே இடம் மறுபடி வெடித்திருக்கிறது.

செவ்வாய்தோறும் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மம்மா மெழுகுதிரியோடு பழைய இடத்துக்கே போகிறார். அங்கே இப்போது உங்கள் மிச்சக் கிரவல் குவியல்தான். காற்றில் திரி நிற்காது. பால்மா டின் ஒன்றை வெட்டி மறைப்பாக வைத்து, ஒரு கையால் அதைப் பிடித்தபடி மறுகையில் செபமாலை உருட்டுகிறார். பஸ்கள் முதுகை உரசுவதுபோல் போகின்றன. "சுருவம் எங்கள் வீட்டில்தானே இருக்கிறது, அங்கே வாருங்கள்" என்றேன். "கடலுக்குப் போன பிள்ளையை இந்த இடத்தில் நின்றுதானே கேட்டேன், தம்பி. இங்கேதான் கேட்பேன்" என்றார்.

கூடு அதே இடத்தில் திரும்ப நிற்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

கடைசியாக வந்த உத்தியோகத்தர், "காணி உறுதி இருக்கிறதா? எந்த ஆண்டு கட்டியது?" என்று கேட்டார். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடவே முடியாது. 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் கோலத்தில் ஊர் ஊராக நடந்து, இரவில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். குருவானவர் எட்டிப் பாராத ஊர்களில் மூப்பர்மார் செபம் சொல்லி விசுவாசத்தைக் காத்தார்கள். திருகோணமலை தனி மறைமாவட்டமானதே 1893இல்தான். இப்படி வளர்ந்த சனத்தின் வழியோரக் கூட்டுக்கு உறுதி எங்கேயிருந்து வரும்? 1990இல் போருக்குப் பயந்து உடுத்த துணியோடு ஓடியபோது எங்கள் சொந்த வளவுகளின் உறுதிகளே போய்விட்டன.

இந்த மண்ணில் வழிபாட்டிடம் இழந்தவர்கள் நாங்கள் மட்டுமல்லர். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். எங்கள் சமயத்தைச் சேர்ந்தவர்கள் செய்த கொடுமை அது. அதை மறைத்துவிட்டு நான் நியாயம் கேட்க முடியாது. ஆனால் அந்தக் கோணேசரைக் கும்பிடும் அயலவர்கள்தான் எங்கள் மனுவில் முதலில் கையெழுத்து வைத்தார்கள். அந்தோனியாருக்குப் பூமாலை கொண்டுவந்தவர்களும் அவர்களே. மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை. ஒரு வரி எழுத இத்தனை மாதமா? குளத்துக்கட்டு, பாடசாலை மதில் என்று எதற்கு அலைந்தாலும் இதே கதைதான்.

மன்னியுங்கள், கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன். மணலும் சீமெந்தும் ஊர் தரும். மேசன் வேலையை நாங்களே செய்வோம். வீதி எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ள வேண்டும் என்று அளந்து, அதே இடத்தில் முளை அடித்துத் தாருங்கள். ஜூன் 13 அந்தோனியார் திருநாளுக்கு முன் கூட்டைக் கட்டுவதற்கான அனுமதியைத் திகதியிட்டு எழுத்தில் தரும்படி பணிவோடு கேட்கிறேன். அதுவரை அந்தக் கிரவலையாவது தயவுசெய்து அள்ளிவிடுங்கள். அம்மம்மாவுக்கு வீதியை விட்டுத் தள்ளி நிற்க இடம் வேண்டும்.

இப்படிக்கு,
சுருவத்தடி ஊரவன் ஒருவன்