ஆபரேஷனுக்குத் துணை நின்ற எல்லோருக்கும்

வணக்கம். கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு ரோபோ உதவியுடன் நடந்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெட்டியெடுத்ததைச் சோதித்த ரிப்போர்ட்டும் நன்றாகவே வந்திருக்கிறது. போனில் பேச ஆரம்பித்தால் எனக்கு அழுகை முந்திக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எதிர்வீட்டு அக்கா, முதல் நன்றி உங்களுக்குத்தான். மாதவிடாய் நின்று இத்தனை வருஷம் கழித்து லேசாகக் கறை படுகிறது என்றதும், "ஒரு சொட்டுன்னாலும் காட்டணும்டி" என்று அன்றைக்கே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனீர்கள். கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் என்று அங்கே எடுத்த பயாப்ஸியில் தெரிந்தது. இந்த வகை பெரும்பாலும் ஆரம்பத்திலேயே ரத்தப்போக்கில் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

டாக்டரம்மா, ரோபோ தானாக அறுத்துத் தைக்கும் என்று என் மகன் நினைத்திருந்தான். நீங்கள் சிரிக்காமல் விளக்கினீர்கள்: சற்றுத் தள்ளி உட்கார்ந்து, திரையைப் பார்த்து நீங்கள் கையை அசைக்க, வயிற்றுக்குள் இருக்கும் கருவி அதன்படி திரும்பும். வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கையாலேயே கருவியை இயக்கும் சாதாரண லேப்ராஸ்கோப்பியில் செய்தாலும் நோய் குணமாவதில் வித்தியாசம் இல்லை, ரோபோவுக்குச் செலவு கூடும், ஆனால் என் உடல் எடைக்கு அது உங்களுக்கு வசதி என்றீர்கள். விலை கூடியதை விற்கப் பார்க்காமல் இப்படிச் சொன்னதில்தான் எனக்குத் தைரியமே வந்தது. "அப்போ எல்லாருக்கும் இதையே செய்யலாமே?" என்று மகன் கேட்டபோது 2018இல் வெளிவந்த ஆய்வைச் சொன்னீர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரோபோவிலோ லேப்ராஸ்கோப்பியிலோ சிறுதுளை வழியாக ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் அதிகமாக இருந்ததாம். அதனால் அவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றைத் திறந்தே செய்கிறார்கள்.

எனக்குக் கர்ப்பப்பை வாயில் பச்சைச் சாயத்தை ஊசியில் செலுத்தியிருக்கிறார்கள். நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுக்கள் தனி ஒளியில் அந்தச் சாயத்தால் மின்னுமாம். அவற்றை மட்டும் எடுத்துப் பார்த்ததால் பின்னால் கால் வீங்கும் அபாயம் குறைவு. கர்ப்பப்பையை உள்ளே துண்டு போடாமல் பிறப்புறுப்பு வழியாக முழுதாக எடுத்துவிட்டார்கள்.

மயக்க மருந்து டாக்டர் தம்பி, தலைப்பக்கம் தாழ்த்திப் படுக்க வைப்பதால் முகம் உப்பும், வயிற்றை உப்பவைக்க ஊதும் வாயுவால் தோள் வலிக்கும் என்று முந்தின நாளே சொல்லிவைத்தீர்கள். இல்லாவிட்டால் தோள் குத்தியபோது ஹார்ட் அட்டாக் என்று வார்டையே கூட்டியிருப்பேன். காலில் ரத்தம் கட்டிவிடும் என்று அதட்டி, அன்று சாயங்காலமே நடக்க வைத்த நர்ஸ் அம்மாவுக்கும் நன்றி. அப்போது உங்கள் மேல் கோபம்தான் வந்தது!

இன்சூரன்ஸ் பேப்பர்களோடு அலைந்த அக்கா மகளே, மிச்சப் பணத்தைக் கட்டிய தம்பி, உங்களுக்கு நன்றி சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். தம்பி, பணம் திரும்ப வரும், வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பக்கத்துப் படுக்கைத் தங்கச்சிக்கு. உனக்குச் சினைப்பைப் புற்றுநோய், வயிறு முழுக்கச் சிறு சிறு கட்டிகளாகப் பரவிய பிறகுதான் தெரிந்தது. முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கி, அப்புறம் தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை திறந்து, கையால் தடவிப் பார்த்து ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டியிருந்தது. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்று, அத்தனை நீளத் தையலோடு நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். என் சின்னத் தழும்புகளைப் பார்த்து "கொசு கடிச்ச மாதிரி இருக்கு அக்கா" என்று கிண்டலும் செய்தாய். இனி நீ கீமோவுக்கு மதுரை வரும் நாளெல்லாம் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து வரும். காரம் எவ்வளவு போடலாம் என்பதை மட்டும் என் மகளிடம் சொல்லிவிடு.