பெருந்துறையில் திரும்பினால்

சென்னிமலை
28.10.2025

அன்புள்ள கண்ணு,

நாங்கள் இருவரும் நலம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, நடவு முடிந்துவிட்டது. தறிக்கூடத்துக் கூரைத் தகரத்தை மாற்றியாகிவிட்டது. மற்றபடி இங்கே சேதி ஒன்றுமில்லை.

காரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பின்பக்க டயர் இரண்டும் தேய்ந்திருக்கின்றன என்று ஆயுதபூஜைக்கு வந்தபோதே சொன்னேன். நீ மாற்றியிருக்க மாட்டாய். மழைக்காலத்தில் அந்த டயரை வைத்துக்கொண்டு தொப்பூர் இறக்கத்தில் வரக் கூடாது. போர்வை மூட்டைகளோடு வேனில் பெங்களூர் போய்வந்த காலத்தில் அந்தக் கணவாயில் நான் பார்த்ததையெல்லாம் உன்னிடம் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். தர்மபுரிப் பக்கமிருந்து வரும்போது சாலை இறங்கிக்கொண்டே இருக்கும். டீசல் மிச்சமாகட்டும் என்று சில லாரிக்காரர்கள் நியூட்ரலில் விடுவார்கள். பிரேக்கையே நம்பி வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். உன் வண்டி ஒழுங்காக இருந்தால் மட்டும் போதாது, பின்னால் வருகிறவன் வண்டியும் ஒழுங்காக இருக்க வேண்டும். எந்த இறக்கத்திலும் நியூட்ரலில் விடாதே.

நீ தொப்பூர் வழியாக வந்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். 2021-இல் ஃபாஸ்டேக்கைக் கட்டாயமாக்கியபோது என் செல்போன் எண்ணைக் கொடுத்துத்தான் வாங்கினேன். கார் உன்னிடம் வந்த பிறகும் எண் மாறவில்லை. சுங்கச்சாவடியில் பணம் பிடித்த செய்தி எனக்குத்தான் வருகிறது. நான் ஒன்றும் வேவு பார்க்கவில்லை. போன் தலைமாட்டில் இருக்கிறது. அது சத்தம் போட்டால் எடுத்துப் பார்க்காமல் என்ன செய்வது?

சனிக்கிழமை அத்திப்பள்ளிச் செய்தி தூக்கத்தில் தெரியவில்லை. ஐந்தே காலுக்குக் கிருஷ்ணகிரி வந்ததும் எழுந்துவிட்டேன். சந்தகைக்கு அரிசி ஊறப்போடு என்று மட்டும் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை, நான்கு பேருக்குப் போட்டாள். பிறகு பாளையம், ஓமலூர். வைகுந்தம் வந்தபோது ஏழு இருபது. வாசலில் நின்ற வேனை எடுத்துத் தறிக்கூடத்துப் பின்னால் விட்டேன், நீ காரை நேராக உள்ளே கொண்டுவரலாமே என்று. எட்டே காலுக்கு விஜயமங்கலம் என்று வந்தது. பெருந்துறையில் திரும்ப வேண்டிய வண்டிக்கு விஜயமங்கலத்தில் என்ன வேலை? அடுத்தது கணியூர். சந்தகையைக் காலையில் எள்ளும் வெல்லமும் போட்டுச் சாப்பிட்டோம், மத்தியானம் தாளித்துச் சாப்பிட்டோம்.

சாயங்காலம் வாத்தியாரம்மா தன் போனில் படத்தைக் காட்டினார். வால்பாறை மலைப்பாதையில் ஒன்பதாவது வளைவு, கீழே ஆழியாறு அணை, பக்கத்தில் ஒரு வரையாடு, நீங்கள் இருவரும். இராத்திரி பேசிக்கொண்டிருந்தபோது திடீரென்று தோன்றியதாம், மாற்று உடைகூடச் சரியாக எடுக்காமல் கிளம்பிவிட்டீர்களாம். அவர்கள் வீட்டுக்கு மகள் படம் அனுப்பினாள், நம் வீட்டுக்குச் சுங்கச்சாவடிதான் சேதி சொன்னது. அந்தப் படத்தில் நீ சிரிப்பதைப் பார்த்தால், ஆயுதபூஜையன்று பட்டுப்புடவையில் எடுத்த போட்டோவில் இருப்பது வேறு யாரோ போலிருக்கிறது.

நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் அந்த மழையில் நீயேதான் ஓட்டினாயாம், வாத்தியார் மகள் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லையாம். கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் நான் பழக்கிய கை என்று வாத்தியாரம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஏறுகிற வண்டிக்கு வழி விட்டாயா? ஏறின கியரிலேயே இறங்கினாயா? நியூட்ரலில் விட்டிருக்க மாட்டாய். நவம்பர் 1-இலிருந்து வால்பாறைக்கும் இ-பாஸ் வேண்டுமாம், இனி நினைத்த மாத்திரத்தில் போக முடியாது.

சோலையாறு அணைவரை போனீர்களா? அந்தத் தண்ணீர் பரம்பிக்குளம் போய், சுரங்கம் வழியாகச் சர்க்கார்பதியில் இறங்கி, காண்டூர் கால்வாயில் திருமூர்த்தி அணைக்கு வந்து, வெள்ளகோவில் கடைமடையில் இருக்கும் உன் அம்மாயி தோட்டம்வரை வர வேண்டும். நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து விடுகிறார்கள். நம் முறை வந்ததா என்று உன் அம்மாயி யாரையும் கேட்க மாட்டார். விடிந்ததும் வாய்க்கால் மேட்டில் போய் உட்கார்ந்துகொள்வார்.

ஞாயிறு சாயங்காலம் விஜயமங்கலம், அப்புறம் வைகுந்தம். திரும்பும்போதும் பெருந்துறையைத் தாண்டித்தான் போயிருக்கிறீர்கள்.

தாராபுரத்து விஷயத்தை எழுதக் கூடாது என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள். எழுதவில்லை. அவர்களும் இன்னும் கேட்டனுப்பவில்லை. கேட்டால் கார்த்திகை கழியட்டும் என்று சொல்லிக்கொள்ளலாம். வேண்டாம் என்பதை நாலு பேர் முன்னால் சொல்ல எனக்குத் தெரியும், அதற்கு நீ ஒளிந்துகொண்டு போக வேண்டியதில்லை. ஆனால் என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன சாயங்காலமே நீயும் கிளம்பினாய், அன்றிலிருந்து போனில் 'ம்' கொட்டுவதைத் தவிர ஒன்றுமில்லை. இதை எழுதியதை உன் அம்மாவிடம் சொல்லாதே.

டயரை மாற்று. பணம் அனுப்புகிறேன். இரண்டையும் ஒன்றாக மாற்று, ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதே.

ஃபாஸ்டேக்கில் உன் எண்ணையே போட்டுவிடலாம் என்கிறாள் அம்மா. போடலாம், அவசரமில்லை. ஆகஸ்ட் 15-இலிருந்து கார்களுக்கு ஆண்டுப் பாஸ் வந்திருக்கிறது. 3,000 ரூபாய் கட்டினால் ஒரு வருடத்துக்கு 200 தடவை. ஒரு சாவடியைத் தாண்டினால் ஒரு தடவை என்று கணக்கு. அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி, பாளையம், ஓமலூர், வைகுந்தம், வர ஐந்து, போக ஐந்து. பெருந்துறையில் திரும்பிவிட்டால் இருபது தடவை வந்துபோகலாம். வாத்தியார் மகளையும் கூட்டிக்கொண்டு வா. நேற்றே பணம் கட்டிவிட்டேன்.

அப்பா