எந்த ஹேர்மிஸ்?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை டைக் வீதிக் கடற்கரையில் பேரனுக்கு 1942 ஏப்ரல் 9 குண்டுவீச்சைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல்நாள் இரவு இங்கிருந்து கிளம்பிய ஹேர்மிஸ் விமானந்தாங்கியை ஜப்பானியர் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தார்கள் என்றதும், கைபேசியைத் தட்டிய பயல், "அப்பப்பா, அது 2017 வரைக்கும் ஓடியிருக்கே!" என்றான்.

சரி, அவன்மேல் பிழையில்லை. 1959இல் சேவைக்கு வந்த இன்னொரு விமானந்தாங்கிக்கும் பிரித்தானியர் அதே பெயரைத்தான் வைத்தார்கள். அப்புறம் இந்தியா வாங்கி அதை 'விராட்' ஆக்கியது. 1914இல் ஜெர்மன் நீர்மூழ்கி வீழ்த்தியதும் ஒரு ஹேர்மிஸ்தான்! 1942இல் கூடவே மூழ்கிய ஆஸ்திரேலிய 'வாம்பயர்' பெயரும் அப்படியே. அடுத்த வாம்பயர் இப்போது சிட்னியில் அருங்காட்சியகம்.

எனக்குப் பிடித்தது நம்மூர்ப் பெயர் தாங்கிய கப்பலின் கதை. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய 'டிரிங்கோமலி', பிற்காலத்தில் பயிற்சிக் கப்பலானபோது, புயலில் கரைதட்டி அழிந்த 'ஃபூட்ரோயன்' என்ற கப்பலின் பெயரைச் சுமந்தது. சொந்தப் பெயர் 1992இல்தான் திரும்பியது. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கோட்டை வாசலில் ஒரு பலகையாவது வைக்கலாமே.

ஒரு வாசகர்,
திருகோணமலை