நாக்கிங் பாயிண்ட் வைத்த இடமும் தவறு, வழிமுறைத் தாளும் தவறு: ரீகர்வ் வில் செட்டுகள் குறித்த புகார்

அனுப்புநர்:
பொறுப்பாளர்கள்,
வில்வித்தைப் பயிற்சிக் குழு,
கிருஷ்ணகிரி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 68 அங்குல ரீகர்வ் (முனைகள் முன்னோக்கி வளைந்த) வில் செட்டுகள் 8 – நாண்களை மாற்றித் தரவும் தமிழ் வழிமுறைத் தாளைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்களிடம் வாங்கிய 8 வில் செட்டுகளிலும் ஒரே குறை. நாணில் அம்பின் வால் பொருந்தும் இடத்தைக் குறிக்கும் பித்தளை வளையத்தை, அதாவது நாக்கிங் பாயிண்டை, தொழிற்சாலையிலேயே இறுக்கி அனுப்பியிருக்கிறீர்கள். அது இருக்கும் இடம் தவறு. சரிசெய்வதற்கென்று பெட்டியில் வைத்திருக்கும் தமிழ்த் தாள் அதைவிடத் தவறு. முதல் குறையை இடுக்கி இருந்தால் நாங்களே தீர்த்துக்கொள்வோம். போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் எல்லா நாளும் கிடைப்பதில்லை; மற்ற நாட்களில் இந்தத் தாள்தான் வாத்தியார். அதனால்தான் விரிவாக எழுதுகிறோம்.

நாணேற்றிய வில்லில் பௌ ஸ்கொயரை (நாணில் மாட்டும் T வடிவ அளவுகோல்) மாட்டி, அதன் நீளக் கையை அம்பைத் தாங்கும் ரெஸ்டின் மேல் கிடத்தி அளந்தால், பித்தளை வளையத்தின் அடிவிளிம்பு பூஜ்யக் கோட்டுக்கு 2 அல்லது 3 மி.மீ. மேலேதான் நிற்கிறது. விரலால் இழுக்கும் ரீகர்வ் வில்லுக்குத் தொடக்க அளவு ஏறக்குறைய 12 மி.மீ., அதாவது அரை அங்குலம். ரிலீஸ் என்னும் விசைக் கருவி வைத்து இழுக்கும், கப்பிகள் பொருத்திய காம்பவுண்டு வில்லுக்கே 6 மி.மீ. வேண்டும். தாங்கள் வைத்திருப்பது இரண்டுக்கும் பொருந்தாது.

எந்த அளவில் வைத்தாலும் முன்கூட்டியே இறுக்கி அனுப்புவது முறையல்ல. ரெஸ்ட் எந்த உயரத்தில் ஒட்டப்படுகிறது, மேல் கீழ் லிம்புகளின் (வில்லின் வளையும் கைகள்) டில்லர் வித்தியாசம் (நாணுக்கும் அவற்றுக்கும் உள்ள இடைவெளிகளின் வேறுபாடு) எவ்வளவு, பிரேஸ் ஹைட் (நாணுக்கும் கைப்பிடிக்கும் இடையிலான தூரம்) எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் நாக்கிங் பாயிண்ட் அமையும். புது நாண் முதலில் கொஞ்சம் நீளும். நீண்டால் பிரேஸ் ஹைட் குறையும். 68 அங்குல வில்லில் அதை எட்டரை அங்குலத்தை ஒட்டி நிறுத்த நாணுக்கு மறுபடி முறுக்கேற்ற வேண்டும். அப்போது வளையத்தின் உயரத்தையும் திரும்ப அளந்தே ஆக வேண்டும். நாண் நீண்டு அடங்கிய பிறகுதான் நாக்கிங் பாயிண்டை நிலையாகக் கட்டலாம்.

இனி, தாள். இறகுள்ள அம்பையும் இறகில்லாத அம்பையும் ஒரே குறியில் எய்து, பட்ட இடங்களை ஒப்பிட்டு நாக்கிங் பாயிண்டைச் சரிபார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதற்கு, "இறகில்லாத அம்பு மேலே பட்டால் நாக்கிங் பாயிண்டைக் கீழே இறக்கவும்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். மேலே போனால் கீழே இறக்கு என்பது காதுக்கு நியாயமாகத்தான் கேட்கும். ஆனால் உண்மை நேர்மாறு. நாக்கிங் பாயிண்ட் தாழ்வாக இருந்தால் அம்பின் வால் தாழ்ந்து, முனை மேல் நோக்கிக் கிளம்புகிறது. இறகு உள்ள அம்பை இறகு வழியிலேயே நேராக்கிவிடும். இறகில்லாத அம்புக்கு அந்த உதவி இல்லை, மேலேயே போய்ப் பதியும். ஆகவே நாக்கிங் பாயிண்டை ஏற்ற வேண்டும். இறகில்லாதது கீழே பட்டால்தான் இறக்க வேண்டும். தங்கள் செட்டில் ஏற்கெனவே தாழ்ந்திருப்பதைத் தாளை நம்பி இன்னும் தாழ்த்துகிற பிள்ளைக்கு அம்பு ரெஸ்டில் அடித்துக்கொண்டுதான் வெளியேறும்.

அப்படி அடித்தால் அதன் பிறகு சோதனையே பொய் சொல்லும். ரெஸ்டில் மோதிய வால் மேலே எகிறும், பார்ப்பவருக்கு நாக்கிங் பாயிண்ட் உயரமாக இருப்பதுபோல் தோன்றும், மறுபடியும் இறக்குவார். இதைக் கண்டுபிடிக்க ரெஸ்டிலும் அம்பின் பின்பகுதியிலும் முகப் பவுடரை லேசாகத் தூவி எய்து பார்த்தால் போதும். பவுடர் வழித்துக்கொண்டு போயிருந்தால் உரசல் இருக்கிறது. இந்த எச்சரிக்கை தாளில் ஒரு வரிகூட இல்லை. 18 மீட்டரில் இறகுள்ள 3 அம்பும் இறகில்லாத 2 அம்பும் எய்ய வேண்டும், ஒரு தடவைக்கு 1 அல்லது 2 மி.மீ.க்கு மேல் நகர்த்தக் கூடாது, மேல்–கீழ் சரியான பிறகே அம்பைப் பக்கவாட்டில் அணைக்கும் பட்டனைத் தொட்டு இடம்–வலம் பார்க்க வேண்டும் என்பதும் இல்லை.

அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளவுள்ள பகுதிதான் நாக். பித்தளை வளையம் அந்த நாக்குக்கு மேலே ஒன்று மட்டுமே இருக்கிறது. கீழே தடுப்பு இல்லாததால் இழுக்கும்போது நாக் நாணில் சறுக்கி இறங்குகிறது. மேலும் கீழும் இரண்டு வேண்டும். நடுவே நாக்கோடு ஒட்டி நெருக்காமல் மயிரிழை இடைவெளி விட வேண்டும், ஏனென்றால் முழு இழுப்பில் நாண் மடங்கி நாக்கைக் கவ்வும். 3 நாண்களில் வளையத்தை அளவுக்கு மீறி நசுக்கியதில் அடியிலுள்ள சர்விங் நூல் (நாணின் நடுப்பகுதியில் சுற்றிய காப்பு நூல்) அறுந்து பிரிகிறது. அம்பு நாக்குக்கு அந்தச் சர்விங் தடிமனும் போதாது. நாணிலிருந்து அம்பைத் தொங்கவிட்டால் தன் எடையைத் தாங்கி நிற்க வேண்டும், நாணை லேசாகத் தட்டினால் விடுபட வேண்டும். இங்கே தொங்கவிட்ட உடனே விழுகிறது. முழுதாக இழுத்த நிலையில் நாக் கழன்று வெறும் நாண் அடித்தால் லிம்ப் பிளக்கக்கூடும், பிள்ளையின் முகத்திலும் படலாம். இந்த 8 வில்லையும் இப்போதைக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

எங்கள் கோரிக்கை: 8 நாண்களையும் பித்தளை வளையம் இல்லாமல், நாக்குக்குப் பொருந்தும் தடிமனில் சர்விங் சுற்றி மாற்றித் தர வேண்டும். நாக்கிங் பாயிண்ட் கட்டுவதற்கு மெழுகிட்ட நூல் தனியாக வைத்தால் நல்லது; நூல் முடிச்சைச் சர்விங்கின் மேல் திருகியே நுணுக்கமாக ஏற்றி இறக்கலாம், விரலைக் காக்கும் தோல் டேபையும் கிழிக்காது. தவறான தாளைத் திரும்பப் பெற்று, இதே செட்டை வாங்கிய எல்லோருக்கும் திருத்திய தாளை அனுப்ப வேண்டும். எங்களுக்கு நாண் வந்து, மற்றவர்களுக்குத் தாள் போகாவிட்டால் இந்தப் புகார் தீர்ந்ததாகக் கொள்ள மாட்டோம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சரியான பயன்பாட்டு வழிமுறை தராததையும் உற்பத்தியாளரின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவோம்.

இப்படிக்கு,
பொறுப்பாளர்கள்,
வில்வித்தைப் பயிற்சிக் குழு, கிருஷ்ணகிரி.

இணைப்பு: பில் நகல், பௌ ஸ்கொயர் வைத்து எடுத்த படங்கள், பிரிந்த சர்விங்கின் படங்கள், தவறான வரியைக் கோடிட்ட வழிமுறைத் தாள்.